டிரம் ஊறுகாயும் சல்லடையில் சிக்கிய லவங்கமும்

என் பழைய இடத்துக்கு வந்திருக்கும் கால்நடை ஆய்வாளர் போன வாரம் தொலைபேசியில் கூப்பிட்டார். கைபேசியில் புதிதாக ஒரு செயலி வந்திருக்கிறதாம். மாட்டின் எடை, கறக்கும் பால், வீட்டில் இருக்கும் புல், வைக்கோல் எல்லாவற்றையும் தட்டினால், எந்தத் தீவனம் எவ்வளவு கொடுக்கலாம் என்று அதுவே சொல்லிவிடுமாம். அதைப் பற்றிய கூட்டத்தில், கடைத் தீவனத்தைக் குறைக்க நாங்கள் பட்ட பாட்டைப் பத்து நிமிடம் பேச முடியுமா என்று கேட்டார். பக்கத்தில் இருந்த என் மனைவி வைதேகி, "பத்து நிமிஷம் இவருக்கு மைக்கைச் சரிபண்ணவே ஆயிடும்" என்று அவருக்குக் கேட்கிற மாதிரியே சொன்னாள். ஆகவே பேசப் போகவில்லை, எழுதுகிறேன். எழுதும்போது யாரும் என் சட்டையைப் பிடித்து இழுக்க முடியாது.

நான் பிறந்தது திருவள்ளூரில், கோயில் மடப்பள்ளியில் தளிகை செய்யும் குடும்பத்தில். பெருமாளுக்குப் படைப்பதற்கு முன்னால் யாரும் ருசி பார்க்கக் கூடாது. அதனால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மூக்குதான் நாக்கு. புளியோதரையில் உப்பு குறைந்தால் அப்பா வாசனையிலேயே சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து நான் கால்நடை ஆய்வாளர் வேலைக்குப் போனேன். பதினோரு மாதப் பயிற்சி. முதல் நாளே ஒரு எருமை என்னை வைக்கோல் போர் மேல் உட்கார வைத்தது. அதற்குப் பிறகு ஊசி, சினை ஊசி, காது வில்லை என்று முப்பது வருடம் ஓடியதை இரண்டு வரியில் முடித்துவிடலாம். சொல்ல வேண்டியது கடைசிப் பத்து வருடத்தில்தான் இருக்கிறது. அப்போது ஊத்துக்கோட்டைப் பக்கம் மாற்றினார்கள்; வீடு மட்டும் திருவள்ளூரிலேயே. அங்கேதான் டாக்டர் மங்கையர்க்கரசி இருந்தார்.

குள்ளமான உருவம், மெல்லிய குரல். திட்டவே மாட்டார். நாம் தப்பு செய்தால் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மறுபடியும் பாக்கலாமா சீனிவாசன்?" என்பார். அதற்குத் திட்டே தேவலை. மாட்டைத் தொடுவதற்கு முன்னால் அதன் எதிரில் போய்க் கடிகாரத்தோடு நிற்பார். அசை போடும்போது ஒரு கவளத்தை எத்தனை தடவை மெல்லுகிறது என்று எண்ணுவார். ஐம்பதுக்குக் கீழே வந்தால் நெற்றி சுருங்கும். அவர் பையில் ஸ்டெதஸ்கோப் இருக்கிறதோ இல்லையோ, கோதுமை மாவு சலிக்கும் சல்லடை ஒன்று கட்டாயம் இருக்கும். அது எதற்கு என்று நான் முதலில் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாற்றல் வாங்கிக்கொண்டு போயிருப்பேன்.

சல்லடையின் வேலை தேசம்மா வீட்டில்தான் எனக்குத் தெரிந்தது. ஊத்துக்கோட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் உள்ளே போக வேண்டிய ஊர். ஊர்ப் பெயரைச் சொன்னால் தேசம்மா ஒன்றும் நினைக்க மாட்டார். அவர் கணவர் ஏழுமலைதான் கோபித்துக்கொள்வார், ஏன் என்று பின்னால் தெரியும். ஏழுமலைக்குக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை. வீட்டில் மூன்று கலப்பின மாடுகள். பொம்மி என்பதுதான் அதிகம் கறப்பது. பால் முழுக்கச் சங்கத்துக்குப் போகும், சங்கத்திலிருந்து வருவது முழுக்கத் தீவன மூட்டைக்குப் போகும். சாணிதான் மிச்சம் என்று தேசம்மா சொன்னார். மூன்று மாட்டையும் விற்றுவிட்டுத் தானும் கம்பெனி வேலைக்குப் போய்விடலாம் என்று முடிவு செய்துவிட்டு, அதற்கு முன் மாடுகளுக்குக் காய்ச்சல் இல்லை என்று ஒரு சீட்டு வாங்கத்தான் எங்களைக் கூப்பிட்டிருந்தார்.

டாக்டர் சீட்டு எழுதவில்லை. சாணியில் ஒரு கை அள்ளிச் சல்லடையில் போட்டு, குழாயடியில் என்னைக் கழுவச் சொன்னார். பச்சைத் தண்ணீர் போய்த் தெளிந்ததும் சல்லடையில் முழு முழுவாக மக்காச்சோளமும் பருத்திக்கொட்டைத் தோலும் நின்றன. தேசம்மா குனிந்து பார்த்தார்.

"இத்த நேத்துதான மேடம் குடுத்தேன். அப்டியே வந்துக்கினு கீது."

"மாட்டுக்கு மொதல்ல புல்லு வேணும்மா. நார் உள்ள போனாத்தான் அசை போடும், அசை போட்டாத்தான் மத்தது செரிக்கும். நீங்க புல்லக் கொறச்சிட்டு மூட்டைய ஏத்தினீங்க. பாதி இப்டிதான் வெளிய போவுது."

தேசம்மா மாடுகளைப் பார்த்தார், சல்லடையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஒரு வருடம் விற்க வேண்டாம், நாங்கள் சொல்கிறபடி செய்து பாருங்கள் என்று டாக்டர் கேட்டுக்கொண்டார். வருடம் எல்லாம் முடியாது, ஆறு மாதம் என்றார் தேசம்மா. காய்கறிக் கடையில் பேரம் பேசுவது போலப் பேசி எட்டில் முடித்தார்கள்.

அங்கிருந்து எங்கள் கூத்து ஆரம்பம். குளியலறைத் தண்ணீர் போகும் வாய்க்கால் ஓரத்தில் கம்பு நேப்பியர் புல்லின் கரணைகளை, அதாவது கணு உள்ள தண்டுத் துண்டுகளை, நட்டோம். வரப்பில் அகத்தி, வேலியோரம் வேலிமசால் என்ற தீவனச் செடி. புல் ஆள் உயரம் வந்தது. மழையில் மலை போல வளரும் புல் சித்திரையில் கிடைக்காது. அதற்குத்தான் ஊறுகாய். பச்சைப்புல்லை நறுக்கிக் காற்றுப் போகாமல் அடைத்து வைத்தால் அது புளித்து, மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். பெரிய பண்ணைக்காரர்கள் குழி வெட்டுவார்கள். மூன்று மாட்டு வீட்டுக்கு டிரம் போதும் என்றார் டாக்டர்.

டிரம் வாங்கக் கும்மிடிப்பூண்டியில் ஒரு பழைய சாமான் கடைக்குப் போனோம். மலை மலையாக நீல பிளாஸ்டிக் டிரம்கள். எதில் என்ன இருந்ததோ யாருக்குத் தெரியும்? லேபிள் இல்லாத டிரம் எல்லாம் டாக்டர் பார்வையிலேயே கழிந்தது. லேபிள் இருந்தவற்றில் மருந்து, சாயம் இருந்தவை கழிந்தன. குளுக்கோஸ் பாகு வந்த டிரம்களை மட்டும் தனியே நிறுத்தி, ஒவ்வொன்றுக்குள்ளும் என்னைத் தலையை விட்டு மோந்து பார்க்கச் சொன்னார். மூக்குக் குடும்பத்தில் பிறந்தவன் என்று ஒரு பலவீனமான நேரத்தில் அவரிடம் சொல்லியிருந்தேன். கடைக்காரர் வேலையை விட்டுவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பதினேழாவது டிரம்மிலிருந்து நான் தலையை எடுத்தபோது, தலைசுற்றலுக்கு நல்லது என்று ஒரு சோடா வாங்கித் தந்தார்.

அடைத்த நாளை நான் மறக்க மாட்டேன். முதல் நாள் மாலை அறுத்துக் காயவிட்ட புல்லை மறுநாள் காலை ஓர் அங்குலத் துண்டாக நறுக்கினோம். டாக்டர் ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் இறுக்கினார். தண்ணீர் சொட்டினால் ஈரம் அதிகம், கையைத் திறந்ததும் உதிர்ந்துவிட்டால் காய்ந்துவிட்டது என்று பொருள். உருண்டை மெதுவாக, தூங்கி எழுந்தது போல விரிய வேண்டும். விரிந்தது. அரை அடிப் புல், அதன் மேல் கொஞ்சம் வெல்லத் தண்ணீர், ஒரு கை கல் உப்பு, பிறகு மிதி. டிரம்முக்குள் ஓர் ஆள்தான் நிற்க முடியும். தேசம்மா புடவையைச் செருகிக்கொண்டு ஏறினார். மிதிக்க மிதிக்கப் புல் ஏற, புல் ஏற ஏற அவரும் மேலே வந்தார். முதலில் தலை மட்டும் தெரிந்தது, பிறகு தோள், பிறகு இடுப்பு. வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரித்துச் சிரித்து, கடைசியில் தங்களுக்கும் ஒரு டிரம் கொடு என்று சண்டைக்கு வந்தார்கள். மதியத்துக்குள் நான்கு டிரம்களில் நான்கு பெண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். நானும் ஒன்றில் ஏறினேன். வேட்டியைக் காப்பாற்றிக்கொண்டு மிதிப்பது கஷ்டம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நாற்பத்தைந்து நாள் கழித்து மூடியைத் திறந்தோம். பொன்னிறத்தில் பச்சை. பழுத்த பழமும் இளம் புளிப்பும் கலந்த வாசனை. நான் கண்ணை மூடி மோந்துவிட்டு, பெருமாளுக்கே படைக்கலாம் என்று சொல்லிவிட்டேன். டாக்டர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தபோதே பொம்மி முளையிலிருந்து கயிற்றை உருவிக்கொண்டு வந்து டிரம்முக்குள் தலையை விட்டுவிட்டது. எடுக்க மனமில்லை. டிரம்மைச் சாய்த்து, தள்ளிக்கொண்டே முற்றத்தைச் சுற்றி வந்தது.

பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக ஊறுகாயை ஏற்றி, கடைத் தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினோம். கறந்த பிறகுதான் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பாலில் வாசனை ஏறும். தாது உப்பை நிறுத்தவில்லை. பால் குறையவில்லை. தேசம்மா வீட்டுக்கு வந்த மூட்டை பாதியாகி, அதிலும் பாதியானது. இன்னும் பதினோரு வீடுகள் டிரம் அடைத்து, மூடியின் மேல் கல்லை வைத்துக் காத்திருந்தன. நான் தெருவில் நடந்தால் காபி கிடைத்தது. ஆளே ஓர் அங்குலம் உயரமாகிவிட்டேன் என்று வைதேகி கேலி செய்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் தேசம்மா கூப்பிட்டார். முந்தின நாள் பொம்மி பாதிப் பால்தான் கறந்தது, இன்று எழுந்திருக்கவே இல்லை என்றார். முதல் பஸ்ஸைப் பிடித்து நான் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் வந்துவிட்டிருந்தார். ஊரே கூடியிருந்தது. பொம்மி பல்லைக் கடித்துக்கொண்டு படுத்துக் கிடந்தது. கண் உள்ளே போய்விட்டது. வயிற்றை அசைத்தால் பாதிக் குடத்துத் தண்ணீர் போல உள்ளே தளும்பியது. தண்ணீராகக் கழிச்சல், அதில் புளித்த நாற்றம்.

புளிப்பு என்றதும் எல்லோர் கண்ணும் டிரம் பக்கம் போனது. ஊறிப்போன புல்லைக் கொடுத்து மாட்டைச் சாகடித்துவிட்டார்கள் என்று ஒருவர் சொன்னார். அன்றைக்கே டிரம்களை ஏரிக்கரையில் கொட்டிவிட வேண்டும் என்று இன்னொருவர். நேற்று வரை காபி கொடுத்த வீடுகள். தேசம்மா பொம்மியின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அவர் ஏதாவது சொல்லித் திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: "ஊறுகாய்தான் காரணம்னா உங்க எல்லார் முன்னாடியும் நானே சொல்லிடுவேன். டிரம்மையும் நானே கவுத்துடுவேன். கொஞ்சம் பொறுங்க." பிறகு பையிலிருந்து சல்லடையை எடுத்து என்னிடம் நீட்டினார்.

குழாயடியில் உட்கார்ந்து கழுவினேன். சோற்றுப் பருக்கை நின்றது. ஊறுகாயில் ஏது சோறு? மறுபடி கழுவினேன். ஒரு நீள இலை, முழுசாக. கையில் எடுத்துப் பார்த்தேன், பிரிஞ்சி இலை. அதன் பக்கத்தில் கறுப்பாக ஒரு சின்ன ஆணி. விரலால் நசுக்கி மோந்தேன். மடப்பள்ளிக்காரன் மகன் லவங்கத்தில் தப்பு செய்ய மாட்டான்.

சல்லடையைக் கொண்டுபோய் டாக்டர் முன்னால் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், ஊரைப் பார்த்தார். புல் ஊறுகாயில் லவங்கம் போடச் சொல்லி எங்கள் துறையில் எந்தச் சுற்றறிக்கையும் வந்ததில்லை. டாக்டர் வழக்கம் போலப் பேசாமல் நின்றார். அந்த மௌனத்தை என்னாலேயே தாங்க முடியாது, பாவம் ஏழுமலை எப்படித் தாங்குவார்? கூட்டத்தின் பின்னாலிருந்து முன்னால் வந்தார்.

"நான்தான் மேடம். வெள்ளிக்கெயம அக்கா ஊட்ல காதுகுத்து. பிரியாணி மீந்து போச்சு. ரெண்டு பக்கெட்டு வாங்கியாந்து வச்சேன். இவ தீவனத்தக் கொறச்சிக்கினே போறா, மாடு எளச்சிடும்னு மனசு கேக்கல. நல்ல பிரியாணி மேடம். எனுக்கே ரெண்டாவது வாட்டி கேக்க வெக்கமா இருந்துச்சி."

எங்கிருந்தோ ஒரு சிரிப்பு வந்தது. மாடு சாகக் கிடக்கிறது, சிரிக்கக் கூடாதுதான். ஆனால் அது தொற்றிக்கொண்டது. தேசம்மா மட்டும் கணவரைப் பார்த்தபடி, "பொம்மி பொழச்சி எய்ந்துக்கட்டும், அப்பறம் கீது உனுக்கு" என்றார்.

டாக்டர் அதற்குள் வேலையில் இறங்கிவிட்டார். சோறு வயிற்றில் ஒரேயடியாகப் புளித்துவிட்டால், புல்லைச் செரிக்க வைக்கும் நல்ல கிருமிகள் எல்லாம் செத்துப் போகும். கழுத்து நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார். சோடா உப்பைக் கரைத்துக் குழாய் வழியாக வயிற்றுக்குள் விட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, நல்ல கிருமி இப்போது எங்கே கிடைக்கும் என்று கேட்டார். பாடப் புத்தகத்து விடை எனக்குத் தெரியும். ஆரோக்கியமான ஆடோ மாடோ அப்போதுதான் அறுத்திருந்தால், அதன் இரைப்பைத் தண்ணீர், சூடு ஆறாமல். ஞாயிற்றுக்கிழமை காலை. ஊத்துக்கோட்டை ஆட்டுக்கறிக் கடை.

என்னிடம் சூடு தாங்கும் ஐந்து லிட்டர் தண்ணீர் ஜக் ஒன்று இருந்தது. திருப்பதிப் பயணத்துக்கு என்று வைதேகி வாங்கியது. வெயிலுக்கு நான்தான் தினமும் தூக்கி வருவேன். நெற்றியில் திருமண்ணோடு, கையில் அந்த ஜக்கோடு, கறிக்கடை வரிசையில் போய் நின்றேன். எங்கள் வம்சத்தில் அங்கே நின்ற முதல் ஆள் நான்தான். எனக்கு முன்னால் நின்ற அம்மாள் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் இடத்தையே எனக்கு விட்டுக்கொடுத்தார்.

கடைக்கார பாயிடம், கறி வேண்டாம், ஆட்டின் இரைப்பைக்குள் இருக்கும் தண்ணீர் மட்டும் வேண்டும் என்றேன்.

"அத்த நாங்க கொட்டிடுவோமே சார். உங்களுக்கு எதுக்கு அந்த பேஜாரு?"

ஒரு மாடு சாகக் கிடக்கிறது என்றேன். அவர் கத்தியை வைத்துவிட்டு, வாடிக்கையாளர்களைக் காத்திருக்கச் சொன்னார். சற்று முன் அறுத்த மூன்று ஆடுகளின் இரைப்பையையும் துணியில் பிழிந்து ஜக்கை நிரப்பினார். மூடியை அவரே இறுக்கித் துடைத்துக் கொடுத்தார். வாசனையைப் பற்றி என்னைப் போன்ற மூக்குக்காரன் எழுதாமல் இருப்பதே நல்லது.

ஷேர் ஆட்டோவில் ஜக்கை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மூடியை மீறி வாசனை வந்தது. பக்கத்தில் இருந்த பெரியவர் என்னவென்று கேட்டார். மருந்து என்றேன். எதற்கு என்றார். செரிமானத்துக்கு என்றேன், பொய் சொல்லவில்லை. அவருக்கும் பல வருடமாக கேஸ் தொல்லையாம். "நாத்தம் அடிக்கிற மருந்துதான் சார் வேல செய்யும்" என்று சொல்லி, ஒரு மூடி மட்டும் ஊற்றித் தரும்படி கேட்டார். இது மாட்டுக்கு என்று நான் எவ்வளவோ சொல்லியும், தனக்குத் தர மனமில்லாமல் சொல்கிறேன் என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டுவிட்டார்.

வெதுவெதுப்பு ஆறுவதற்குள் டாக்டர் அதைப் பொம்மியின் வயிற்றுக்குள் இறக்கினார். பிறகு காத்திருப்பதைத் தவிர வேலையில்லை. ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. மதியம் பொம்மி காதை அசைத்தது. அப்புறம் எழுந்து நின்றது, தள்ளாடியபடி. வெயில் தாழ்ந்த நேரத்தில் நீளமாக ஒரு ஏப்பம் விட்டது. பெற்ற பிள்ளை முதல் வார்த்தை பேசியது போல தேசம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் தொண்டையில் ஒரு உருண்டை மேலே ஏறியது. தாடை அசைந்தது.

டாக்டர் கடிகாரத்தைப் பார்க்காமல் மெல்ல எண்ண ஆரம்பித்தார். நானும் சேர்ந்துகொண்டேன். பத்துக்கு மேல் தேசம்மா சேர்ந்தார், இருபதில் பக்கத்து வீட்டுப் பெண்கள், முப்பதில் காலையில் டிரம்மைக் கொட்டச் சொன்னவர். நாற்பதில் ஊரே எண்ணியது. நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது. ஐம்பது என்று எல்லோரும் சேர்ந்து கத்தியதில் பொம்மி மெல்லுவதை நிறுத்திவிட்டு எங்களை ஒரு பார்வை பார்த்தது. பிறகு ஐம்பத்து மூன்று வரை மென்று விழுங்கியது. எனக்குத் தலை கிறுகிறுத்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

வீட்டில் ஜக்கைக் கழுவி வைத்தேன். வைதேகி மூடியைத் திறந்தாள், மூடினாள். "ஏன்னா, இதுல இன்னிக்கு என்ன இருந்தது?" என்று கேட்டாள். முழுக்கதையையும் கேட்டு முடித்துவிட்டு வெகுநேரம் சிரித்தாள். பிறகு, அந்த ஜக் இனிமேல் அரசாங்கச் சொத்து, வீட்டுக்குள் வரக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னாள்.

மறுநாளே எல்லாம் சரியாகிவிடவில்லை. பொம்மியின் பால் பழைய அளவுக்கு வர மூன்று வாரம் ஆனது. இரண்டு வீடுகள் பயத்தில் டிரம்மைத் திறக்கவே மறுத்தன. தேசம்மாதான் போய்த் திறந்து காட்டினார். எட்டு மாதக் கெடு முடிந்த அன்று டாக்டர் போய், காய்ச்சல் இல்லை என்று சீட்டு எழுதித் தரட்டுமா என்று கேட்டார். நாலாவது மாடு வாங்கப் போவதாகவும், அதைப் பார்த்துச் சொல்ல வரும்படியும் தேசம்மா சொன்னார்.

அந்தக் கோடையில் ஒருநாள் நான் அந்த ஊரில் இருந்தபோது தீவன லோடு வண்டி வந்தது. டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தார். வழக்கமாக ஓடி வரும் ஊர். அன்று நான்கைந்து பேர் வந்து, ஆளுக்கு ஒரு மூட்டை இறக்கிக்கொண்டு போனார்கள். மேலே முக்கால் லோடு அப்படியே இருந்தது. டிரைவர் கீழே இறங்கி ஏழுமலையிடம் கேட்டார்.

"இன்னா நைனா, ஊர்ல மாடெல்லாம் வித்துட்டீங்களா?"

ஏழுமலை அவரைக் கையைப் பிடித்துப் பின்பக்கம் கூட்டிப்போனார். ஆள் உயரப் புல்லையும், திறந்த டிரம்மையும், பொம்மியையும் காட்டினார். ஓர் அனுபவஸ்தர் என்ற முறையில், பிரியாணி மட்டும் கொடுக்கக் கூடாது என்று எச்சரித்தார். டிரைவர் புல்லைத் தடவிப் பார்த்தார். சத்தியவேடு பக்கம் தன் வீட்டிலும் இரண்டு கறவை மாடு இருப்பதாகவும், தான் ஓட்டும் வண்டியின் தீவனமே தனக்குக் கட்டுப்படியாகவில்லை என்றும் தயங்கித் தயங்கிச் சொன்னார். தேசம்மா அரிவாளை எடுத்துக்கொண்டு வரப்பில் இறங்கினார்.

கால் மணி நேரம் கழித்து வண்டி கிளம்பியது. விற்காத தீவன மூட்டைகளின் உச்சியில் ஒரு பெரிய கட்டு புல் கரணை, ஈரச் சாக்கு போர்த்திக்கொண்டு, மகாராஜா மாதிரி உட்கார்ந்து போனது. நான் ஊத்துக்கோட்டையில் பஸ் ஏறிச் சன்னலோரம் உட்கார்ந்து, திருவள்ளூர் வரும் வரை தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். கண்டக்டர் டிக்கெட் கொடுத்துவிட்டு, உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று விசாரித்தார்.